காணாமல் போன ‘ள்’

அத்தியாயம் 14

தம்பிக்கு அன்று காலை காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். போன வாரம் பரண்மேல் இருந்த பெட்டியில் அவனுடைய பழைய கையெழுத்துப் பிரதி அகப்பட்டதே, அதுதான். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி புத்தகம் எழுதுகிறவன். ‘உன்னை நீ தெரிந்துகொண்டால் வாழ்க்கை தானாகப் பொருள்படும்’ என்கிற வகைப் புத்தகம். ஊதா அட்டை போட்ட அவனுடைய முதல் புத்தகம் பதினோரு வருடத்தில் ஒன்பது பதிப்பு போய்விட்டது. மேடையில் அவனை ‘ஐயா’ என்கிறார்கள். நமக்கு அவன் தம்பிதான். ஏனென்றால் அதை வெளியிட்ட பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள் அவன் அக்கா. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, எழுத்துப் பிழையையும் விட்டுப்போன சொல்லையும் சிவப்பு மையால் திருத்துகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி.

அந்த ஊதா அட்டைப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. ‘முதலில் உனக்கு இரங்கு. ஊரைத் திருத்துவது பிறகு.’ புத்தகத்தைத் தூக்கி நிறுத்தியதே அந்த வரிதான். நாட்காட்டியில் வந்தது, சட்டையில் வந்தது. ஒரு பேருந்து ஓட்டுநர் கண்ணாடிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொண்டார்.

அதை வேற்று மொழிக்குக் கொண்டுபோகிற மொழிபெயர்ப்பாளர் அம்மாள்தான் வம்பை ஆரம்பித்தார். ‘இதற்கு முந்தின பத்தியிலும் அடுத்த பத்தியிலும் கிணற்றுக்குள் இறங்குகிறவரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நடுவில் திடீரென்று இரக்கம் எங்கிருந்து வந்தது? இது சின்ன ர தானா, இல்லை பெரிய ற-வா? மூலத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கடிதம் எழுதியிருந்தார்.

தம்பி பார்த்தான். நோட்டில் அவன் கையெழுத்திலேயே இருந்தது: ‘முதலில் உனக்குள் இறங்கு.’ கொழுத்த, சந்தேகத்துக்கே இடமில்லாத பெரிய ற.

ஊரே கொண்டாடுகிற வரியை அவன் எழுதவே இல்லை. இதுவரைதான் போன வாரம்.

*

“மாமா, ஆறிப்போச்சு.”

சொன்னது அக்காவின் மகள். பதினாறு வயது. இரண்டு காதுக்குப் பின்னாலும் கேட்கும் கருவி மாட்டியிருப்பாள். அதையும் மீறி, எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் முக்கால்வாசி புரிந்துகொள்வாள். வாய் மட்டும் ஓயாது. அதனால் தம்பி அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்காவும் மகளும் கீழே, தம்பி மாடியில். அக்கா அன்று வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

“ஆறட்டும்” என்றான் தம்பி. “இங்க பாரு. இது என் நோட்டு, இது அச்சான புத்தகம். சின்ன ர, பெரிய ற. ஒரே ஒரு எழுத்து. டைப் அடிச்சவர் கை தவறியிருக்கு. உங்க அம்மாவும் கவனிக்கலை.”

“அம்மாவா? கவனிக்கலையா?” ரேடியோ சிரித்தாள். “பால் பாக்கெட்ல ஒற்று மிகலைன்னு கம்பெனிக்கு லெட்டர் போட்டவங்க, மாமா.”

“எல்லாருக்கும் ஒரு நாள் கண்ணு அசரும்.”

அவள் நோட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்தாள். “எனக்கு ர-வும் ற-வும் உதட்டுல ஒண்ணுதான். யார் சொன்னாலும் வித்தியாசம் தெரியாது. அதனால எழுத்தைத்தான் நம்புவேன்.” விரலை வரிமேல் ஓட்டினாள். நிறுத்தினாள். “மாமா, ‘ள்’ எங்க?”

“என்ன ள்?”

“நீங்க எழுதினது ‘உனக்குள்’. அச்சுல இருக்கிறது ‘உனக்கு’. ள்-ளைக் காணோம்.”

தம்பி இரண்டையும் பிடுங்கிப் பார்த்தான். ஒரு வாரமாக அந்த ர-வையும் ற-வையும் முறைத்துப் பார்த்தவன், ள் போனதைப் பார்க்கவே இல்லை. மேடைமேல் நின்று ‘கூர்ந்து கவனி, கூர்ந்து கவனி’ என்று சொல்கிறவன்.

“ஒரு எழுத்து மாறினா கை தவறிடுச்சுன்னு சொல்லலாம்” என்றாள் ரேடியோ. “ரெண்டு மாறினா?”

தம்பி மெதுவாக நோட்டை மூடினான்.

“ரெண்டு மாறினா, கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.”

*

பதிப்பகத்தின் முதல் மாடியில், ஜன்னல் ஓரமாக அக்காவின் மேசை. மேசைமேல் சிவப்புப் பேனா நாலு, அடிக்கோல் ஒன்று, யாரும் தொடக் கூடாத அகராதி மூன்று. பின்னால் இரும்பு அலமாரி முழுக்க வாசகர் கடிதங்கள். அவற்றைப் பிரித்துப் படித்து அடுக்கி வைப்பதும் அவள்தான். அதில் முக்கால் பங்கு அந்த ஒரு வரியைப் பற்றியவை.

பத்தாம் பதிப்பு புது எழுத்துருவில், புது அமைப்பில் வருகிறது. மாலை நாலு மணிக்குப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஆறு மணிக்குக் கூட்டம். அறுநூறு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பத்தாம் பதிப்பை அங்கேதான் அறிவிக்கப் போகிறார்கள்.

தம்பி படியேறி வந்தபோது மணி மூன்று. கூடவே ரேடியோ. ‘நான்தான் கண்டுபிடிச்சேன், நான் வருவேன்’ என்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவன் நோட்டை மேசையில் வைத்தான். வைத்தான் என்று நான் சொல்கிறேன். சத்தம் கேட்டுப் பக்கத்து அறையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“அக்கா. ள் எங்க போச்சு?”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். தன் முன்னால் இருந்த தாளைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினாள். பத்தாம் பதிப்பின் அந்தப் பக்கம். ‘உனக்கு இரங்கு’ சிவப்பில் அடிக்கப்பட்டு, ஓரத்தில் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் ‘உனக்குள் இறங்கு’ என்று எழுதியிருந்தது. கீழே ‘மூலப்படி’ என்ற குறிப்பு.

“காலைலயே திருத்திட்டேன்” என்றாள். “மொழிபெயர்ப்பாளர் கடிதம் என் மேசைக்குத்தான்டா முதல்ல வந்துது. நோட்டை நீ தேடி எடுப்பேன்னு தெரியும். கையெழுத்துப் போடு, போகட்டும்.”

“யார் மாத்தினதுன்னு கேட்டேன்.”

“டைப் அடிச்சவர் சின்ன ர போட்டுட்டார். ‘உனக்குள் இரங்கு’ன்னு வந்துது. தமிழ்ல அப்படி ஒரு வாக்கியம் நிக்காது. ஒண்ணு, ர-வைத் திருத்தணும். இல்லைன்னா ள்-ளை எடுக்கணும்.”

“நீ ள்-ளை எடுத்தே.”

“எடுத்தேன்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். உன் நோட்டு பக்கத்துலதான் திறந்து கிடந்துது.”

இருபத்திரண்டு வருடத்தில் எழுத்தாளர் எவருடைய சொல்லையும் அவள் மாற்றியதில்லை. ‘பிழையைத் திருத்தறதுதான் என் வேலை, எழுதறது இல்லை’ என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அப்படிப்பட்டவள் சொல்கிறாள், தெரிந்தேதான் என்று.

“ஏன்க்கா?”

அக்கா சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பிக்குப் புரியவில்லை. ரேடியோவுக்குப் புரிந்தது. மகளுக்குத் தெரியக் கூடாத எதையும் அம்மா அப்படித்தான் சொல்வாள், உதடு தெரியாமல்.

“திரும்பாதேம்மா” என்றாள் ரேடியோ. “இதையாவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.”

பிறகு அக்கா திரும்பினாள். தம்பியை விட்டுவிட்டு மகளைப் பார்த்தே சொன்னாள்.

“அந்த வாரம்தான் டாக்டர் சொன்னார், உனக்குக் காது சரியாக் கேக்கலைன்னு. உனக்கு அஞ்சு வயசு. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா, கூப்பிட்டா திரும்ப மாட்டே. பிடிவாதம், திமிருன்னு திட்டிட்டிருந்தேன். ஒரு நாள் அடிச்சும் இருக்கேன். யார் புத்தகத்துலயோ ஒரு புள்ளி விட்டுப்போனா இந்தக் கண்ணுக்குத் தெரியும். பெத்த பொண்ணுக்குக் காது கேக்கலைங்கறது தெரியலை.”

குரல் உடையவில்லை. ஆனால் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“மறுநாள் வேலைக்கு வந்தேன். இந்தப் பக்கம் மேசைல இருந்துது. ர-வை ற-வாத் திருத்தப் பேனாவை எடுத்துட்டேன். ‘முதலில் உனக்குள் இறங்கு.’ நான் ஏற்கெனவே இறங்கித்தான் கிடந்தேன். இன்னும் எங்க போய் இறங்கறது? யாராவது எனக்குக் கொஞ்சம் இரங்கினா தேவலைன்னு இருந்துது. அந்த சின்ன ர-வைப் பார்த்தேன். அடிக்க மனசு வரலை. ள்-ளை அடிச்சேன்.”

தம்பி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அந்த வருடம் அவன் ஊர் ஊராகப் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். ‘உங்கள் வீட்டில் இருப்பவர்களின் மௌனத்தைக் கேளுங்கள்’ என்பது தலைப்பு. இப்போது அதை நினைத்தால் அவனுக்கே எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ரேடியோ அம்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி வைத்தாள்.

“நல்ல வேளை, உனக்கு இரங்குன்னுதான் எழுதினே” என்றாள். “எனக்கு இரங்குன்னு எழுதியிருந்தா நானே வந்து வெட்டியிருப்பேன்.”

அக்கா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கண்ணில் நீரோடு சிரிக்கிற சிரிப்பு அது. மறைக்கவும் இல்லை.

“அடிச்சதுக்கு மட்டும் தனியா கணக்குத் தீர்க்கணும்” என்றாள் மகள். “அது வீட்ல.”

*

இந்த நேரம் பார்த்துத்தான் பதிப்பாளர் உள்ளே வந்தார். சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டிருந்தது. நல்ல மனுஷர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் அவர் மூளை முதலில் அட்டைப்படத்துக்குத்தான் போகும்.

“அம்மா, நீங்க திருத்தினதைக் கொஞ்சம் மறந்துடுங்க. அட்டைல பின்பக்கம் முழுக்க அந்த வரிதான் இருக்கு. சார், நீங்களும் சாயந்திரம் மேடைல இதைப் பத்தி மூச்சு விடாதீங்க. பிழைன்னு தெரிஞ்சா அறுநூறு பேரும் என்ன நினைப்பாங்க?”

“அந்த வரி போகட்டும்” என்றாள் அக்கா. குரலில் பழைய கண்டிப்பு வந்துவிட்டது. “ஒரு தடவை என் வேலைக்கு நானே துரோகம் பண்ணினேன். பதினோரு வருஷமா கடிதம் வர்றப்ப எல்லாம் சந்தோஷமாவும் இருந்துது, திருடின மாதிரியும் இருந்துது. மூலத்துல இல்லாத சொல்லு இனிமே என் கை தாண்டிப் போகாது. வேணும்னா நாளையிலேர்ந்து வேற ஆளைப் பார்த்துக்கங்க.”

அவள் சொன்னால் செய்கிறவள். பதிப்பாளர் தம்பியைப் பார்த்தார். கடிகாரம் மூன்றே முக்கால்.

தம்பி எழுந்துபோய் அலமாரியைத் திறந்தான். கைக்கு வந்த ஒரு கடிதத்தை எடுத்தான். மருத்துவமனையில் தாதியாக இருக்கும் பெண் எழுதியது. ஒரு நோயாளியைக் காப்பாற்ற முடியாமல் போன பிறகு மூன்று மாதம் தூங்காமல் கிடந்தவர், ‘முதலில் உனக்கு இரங்கு’ என்ற வரியைப் படித்த அன்று தூங்கினாராம். மறுநாள் மறுபடி வேலைக்குப் போனாராம். ‘ஐயா, இதை எழுதின கைக்கு நன்றி’ என்று முடித்திருந்தார்.

தம்பி அதை இரண்டு முறை படித்தான். பிறகு தன் சொந்த வரியை, அக்கா சிவப்பில் மீட்டுக் கொடுத்த வரியை, வாய்விட்டுப் படித்தான். ‘முதலில் உனக்குள் இறங்கு.’ நல்ல வரிதான். மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் வலித்தது. வலித்த அதே இடத்திலிருந்து, அவனே எதிர்பாராமல், ஒரு பெருமை பொங்கி வந்தது. எங்க அக்கா!

“உன்னைத் தெரிஞ்சுக்கோ, தெரிஞ்சுக்கோன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, என் புத்தகத்துல எது என்னுதுன்னே தெரியாம இருந்திருக்கேன்” என்று சிரித்தான். பிறகு கையை நீட்டி அவள் சிவப்புப் பேனாவை எடுத்தான்.

“டேய், என் பேனாவைத் தொடாதே.”

“புரூஃப்ல மாத்தம் பண்ண யாருக்கு உரிமை உண்டு? சொல்லு.”

விதி அக்காவுக்கு அத்துப்படி. “எழுத்தாளருக்கு.”

“நான்தானே எழுத்தாளர்? மாத்தறேன்.”

குனிந்து, அவள் எழுதிய ‘உனக்குள் இறங்கு’வை ஒரே கோட்டில் அடித்தான். அச்சில் இருந்த ‘உனக்கு இரங்கு’வின் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தான். ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினான். அடித்த சொல்லை மறுபடி உயிரோடு விடுவதற்கு மெய்ப்பில் அதுதான் வழி. புள்ளிகள் கோணல்மாணலாக இருந்தன. அக்காவுக்கு அதைத் திருத்தக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள்.

“இப்ப இது திருட்டு இல்லை. நான் கேட்டு வாங்கிக்கிட்டேன்” என்றான் தம்பி. “பக்கத்துல உன் கையெழுத்தைப் போடு.”

“புரூஃப் பார்க்கறவ பேர் புத்தகத்துல வரக் கூடாதுடா. வந்தா எங்கேயோ பிழை விட்டிருக்கான்னு அர்த்தம்.”

“புத்தகத்துல வேண்டாம். இந்தத் தாள்ல போடு. எனக்கு வேணும்.”

அவள் வழக்கமாக ஓரத்தில் போடுவது முதலெழுத்து மட்டும்தான், ஒரு சுழியும் ஒரு கோடும். இன்று பேனாவை வாங்கி, சற்று யோசித்து, முழுப் பெயரையும் எழுதினாள். நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல். எழுதி முடித்ததும் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதிப்பாளர் அதைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். மணி நாலாக இன்னும் மூன்று நிமிடம். பாதிப் படியில் நின்று, “மேடைல மட்டும் வேண்டாம் சார்!” என்று கத்திவிட்டுப் போனார்.

*

தம்பி கைபேசியை எடுத்து மொழிபெயர்ப்பாளர் அம்மாளைக் கூப்பிட்டான். எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தான்.

“சின்ன ர-தாங்க. மாத்தாதீங்க. ஆனா அந்த வரியை நான் எழுதலை. எங்க அக்கா எழுதினது.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அப்படியா! அதான் அந்த வரி மட்டும் வேற மாதிரி இருந்துது. சார், தப்பா நினைக்காதீங்க, இன்னும் ஒண்ணு கேக்கணும். நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். ‘யாரும் பெயர் கேட்காத வேலையை முடித்துவிட்டு ஒருவர் நிமிர்ந்து உட்காருகிறாரே, அந்த நிமிர்வுக்குப் பெயர்தான் வாழ்க்கை.’ ரொம்ப நல்லா இருக்கு. இதுவும் உங்க அக்காதானா?”

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. பாவம், ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் அடிபடுவான்? அவனுக்கு நிச்சயமாக நினைவில்லை. நோட்டில் அந்த வரியைத் தேடவும் பயமாக இருந்தது. அக்காவைப் பார்த்தான்.

அக்கா கைபேசி பக்கம் குனிந்தாள்.

“இல்லைங்க” என்றாள் அழுத்தமாக. “அது முழுக்க என் தம்பி எழுதினது. ஒரு புள்ளி, ஒரு கால்கூட நான் தொடலை. அன்னைக்கு அதைப் படிச்சுட்டுப் பேனாவைக் கீழ வெச்சுட்டேன். மறுபடி முதல்லேர்ந்து படிச்சேன். அப்படியே மொழிபெயர்த்துடுங்க.”

தம்பியைப் பதினோரு வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் புகழ்ந்திருக்கிறார்கள். அக்கா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவளுடைய பாராட்டு என்பது சிவப்பு மை படாத ஓரம்தான், அதைப் பார்க்க அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது அவன் முறை.

ரேடியோ புத்தகத்தை எடுத்து நூற்றுப் பன்னிரண்டைப் புரட்டிப் படித்தாள். தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். மறுபடி பக்கத்தைப் பார்த்தாள்.

“மாமா” என்றாள் மெதுவாக. “இதை யாரைப் பார்த்து எழுதினீங்க?”

தம்பி திரும்பவில்லை. திரும்பாவிட்டால் தன் பதில் அவளுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, திரும்பினான். அக்கா மேசைமேல் இருந்த பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், காதை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு.

“சாயந்திரம் சொல்றேன்” என்றான். “அறுநூறு பேர் முன்னாடி. அக்கா, கிளம்பு.”

“நானா? கை பூரா மையா இருக்குடா. கழுவிட்டாவது வரேன்.”

“கழுவாதே” என்றான் தம்பி.